தாயகப் பிணைப்பு

— இருங்க சரசாம்மா. அதை மட்டும் இன்னொரு தடவை சொல்லுங்க. போன தடவை விசா கவுண்டர்ல அந்த ஆபீசர், "இந்தியாவுல உங்களுக்கு யார் இருக்காங்க"ன்னு கேட்டார். நீங்க என்ன சொன்னீங்க?

— "எனக்கு யாருமே இல்ல சார், என் பொண்ணு கவிப்பிரியாதான் எனக்கு எல்லாம்"னேன்.

— அந்தப் பொண்ணு எங்க இருக்கு?

— அமெரிக்காவுலதான். உனக்குத் தெரியாதா சார்? மாசமா கீறா. அதுக்குத்தானே போறேன்.

— தெய்வமே.

— இன்னா சார் தப்பு? பெத்தவ வேற இன்னாத்த சொல்லுவா? உருக்கமா நாலு வார்த்தை சொன்னா மனசு எளகும்னு பாத்தேன். கண்ணுகூட கலங்கிடுச்சு.

— ஆபீசருக்கா?

— எனக்கு. அவன் கம்ப்யூட்டர்ல ரெண்டு தட்டு தட்டிட்டு, விசா இல்லன்னு ஒரு காயிதத்த பொந்து வழியா தள்ளிட்டான். நம்ம ரேஷன் கடைக்காரன் பருப்பு இல்லன்னு சொல்றதுக்குக்கூட இன்னும் கொஞ்சம் நேரம் எடுத்துக்குவான்.

— அம்மா, ஸ்ரீநாத் சர்வதேசப் பயண ஆலோசனையகத்துக்கு வர்ற எல்லாருக்கும் நான் முதல் நாளே சொல்ற பாடம் இது. அந்த நாட்டுச் சட்டப்படி, டூரிஸ்ட் விசா கேட்டு வந்து நிக்கிற ஒவ்வொருத்தரும் அங்கேயே தங்கிடத்தான் வந்திருக்காங்க. அப்படித்தான் ஆரம்பத்துலேயே எடுத்துக்குவாங்க. "இல்லை, நான் திரும்பிடுவேன்"னு நிரூபிக்க வேண்டியது உங்க பொறுப்பு. அதுக்குப் பேர்தான் தாயகப் பிணைப்பு. இந்தச் சொல்லை உருவாக்கினதே நான்தான்.

— புரியறாப்ல சொல்லு சார். ஷிப்ட் முடிச்சிட்டு நேரா வரேன், மண்டை கனக்குது.

— கயிறு. உங்களை இந்த ஊரோட கட்டி வெச்சிருக்கிற கயிறு எது? சொந்த வீடு?

— காட்டுப்பாக்கத்துல வாடகை.

— நெலம் நீச்சு?

— எங்க தாத்தன் நெலத்துலதான் கெடந்தாரு. அடுத்தவன் நெலம். இப்போ அங்கதான் ஐ.டி. கம்பெனி நிக்குது, நான் அதுல ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். தாத்தன் உழுத எடத்த பேத்தி மாப் போடறேன்.

— அதை கவுண்டர்ல சொல்லிடாதீங்க. வேலைக்குத் திரும்பணும்னு கம்பெனி லெட்டர்?

— காண்ட்ராக்ட் சார். நான் பிளைட்டு ஏறினா, எறங்கறதுக்குள்ள வேற ஆளு வந்துடும்.

— அப்போ மிச்சம் இருக்கிறது ஒரே ஒரு கயிறு. கயிறுகள்லயே உறுதியான கயிறு. கணவர்.

— அதையும் கேட்டான் சார். "கல்யாணம் ஆனவங்கன்னு ஃபார்ம்ல இருக்கே"ன்னான். "கீறான், இருந்தும் இல்லாதாப்ல"ன்னேன்.

— அதையுமா மொழிபெயர்த்தாங்க?

— மொழிபெயர்க்கற பொண்ணு இங்கிலீஷ்ல ஏதோ சொல்லிச்சு. அதுக்கப்புறம்தான் தட்டினான்.

— சரி. முடிஞ்சது போகட்டும். நாளைக்குக் காலையில அந்தக் கவுண்டர்ல உங்க கேஸுக்கு அவர்தான் அச்சாணி. வரச் சொன்னீங்களா?

— பொண்ணாண்ட சொன்னேன், அவ அவங்கப்பனாண்ட சொன்னா. நேரா பேசற வழக்கம் எங்களுக்கு நின்னு போயி எவ்ளோ காலமாச்சு. அதோ, படியேறுது பாரு. அந்த இருமல் அந்தாளுதுதான்.

— ஏம்பா, இது மாடிப்படியா, ஏணிக்கு சிமென்ட் பூசி வெச்சிருக்கீங்களா? இங்க யாரு ஸ்ரீநாத்து?

— வாங்கய்யா, தசரதன்தானே? ஃபேனுக்கு அடியில உக்காருங்க. ஏ.சி. கொஞ்சம் ரிப்பேர்.

— அமெரிக்காவுக்கே ஆள் அனுப்புறியாம். ஏ.சி. பாக்க ஒரு ஆளு இந்த முகப்பேருல கெடைக்கலியா நைனா? சரசா, நல்லா கீறியா?

— கீறேன்.

— மெலிஞ்சிட்ட.

— நீயும்தான். உக்காரு. சார் சொல்றத கேளு.

— கேக்கறேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு. செவுத்துல பெரிசா மாட்டி வெச்சிருக்கியே, கையில தீவட்டியோட ஒரு அம்மா. அது யாரு?

— அது சுதந்திர தேவி சிலைய்யா! அமெரிக்காவோட அடையாளமே அதான். பிரான்ஸ் நாட்டுலேருந்து வந்தது.

— அப்போ வெளியூரு. வந்தது திரும்பிப் போச்சா?

— ஐயா, இது ஜோக் அடிக்கிற இடம் இல்லை. நான் சாதாரண ஏஜென்ட் கிடையாது. நான் ஒரு குடிபெயர்வு உத்தியாளர். ஒரு கேஸை நான் பார்க்கிற விதமே வேற.

— நீ அந்த ஊருக்குப் போயி வந்திருக்கியா நைனா?

— டாக்டருக்கு அந்த நோய் வந்திருக்கணும்னு அவசியம் இல்லைய்யா.

— நோவு வர வேணாம். நோயாளியையாவது உசுரோட பாத்திருக்கணும் இல்ல?

— யோவ், சும்மா இரு. உன் வாய் போன எடத்துல எல்லாம் கதவ சாத்திக்கறதுதான் பழக்கம். நாளைக்கு எனக்கு இன்டர்வியூ. பொண்ணு அங்க தனியா கீறா. மாப்பிள்ளை வெற்றிச்செல்வனுக்கு லீவு கெடையாதாம். அவங்கம்மாவுக்கு இடுப்பு ஆபரேஷன், வர முடியாது. இந்தத் தடவையும் தள்ளிட்டான்னா, என் பொண்ணு ஆஸ்பத்திரிலேருந்து புள்ளைய அவளே தூக்கிக்கினு ஊட்டுக்கு வந்து, அவளே சோறாக்கணும். அதான் விசயம்.

— சரி, சரி. நான் இன்னா பண்ணணும், அதச் சொல்லு.

— ஐயா, நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம். அதுதான் அழகு. நீங்க இங்கேயே இருக்கணும், அவங்க போகணும். நீங்க இங்க இருக்கிறதுதான் அவங்க திரும்பி வருவாங்கங்கிறதுக்கு ஆதாரம்.

— ஆடு மேயப் போனா ஓடிடாம இருக்க முளைக்குச்சி அடிப்பாங்களே. அது நானு.

— கிட்டத்தட்ட. ஆனா வெறும் கணவர் போதாது. அவங்க கவனிப்பு தேவைப்படற கணவரா இருக்கணும். உங்களுக்கு உடம்புக்கு ஏதாவது?

— சுகரு கீது.

— சுகர் யாருக்குத்தான் இல்லை. வேற? நெஞ்சு வலி?

— அம்பத்தூர் எஸ்டேட்ல எங்க லேத்து கம்பெனிய மூடினாங்களே, அப்போ வந்துச்சு. வெறும் கேஸ் ட்ரபிள்னாரு டாக்டரு.

— இதுல ஒரு நுணுக்கம் இருக்குங்கய்யா. ரொம்ப முடியாதவர்னா, "இப்படிப்பட்ட மனுஷனை விட்டுட்டு எப்படி ஆறு மாசம் வர்றே"ன்னு கேப்பான். திடமா இருக்கார்னா, "அப்போ எதுக்குத் திரும்பணும்"னு கேப்பான். ரெண்டுக்கும் நடுவுல ஒரு வியாதி வேணும். ஆறு மாசம் தாங்கணும், ஏழாவது மாசம் தாங்கக் கூடாது.

— அப்டி ஒரு நோவு ஆண்டவன் குடுத்தா சொல்லி அனுப்பறேன்.

— முட்டி வலி?

— அது கீது.

— அருமை! முட்டி வலி அருமை! போட்டுக்கறேன். அம்மா, இப்போ ஒத்திகை. நான்தான் அந்த ஆபீசர். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உக்காந்திருக்கேன். "குட் மார்னிங். உங்க கணவர் இப்போ எங்க இருக்கார்?"

— எதிர்ல குந்திக்கினு கீறான்.

— அம்மா!

— அம்பத்தூர்ல கீறாரு சார். முட்டி வலி.

— "முட்டி வலி"யைக் கேட்காம சொல்லக் கூடாது. "ரெண்டு பேரும் சேர்ந்துதான் இருக்கீங்களா?"

— இன்னா சார் சொல்றது இதுக்கு? ஆமான்னா பொய்யி.

— பொய்யே கூடாது. உண்மையைத்தான் சொல்லணும், ஆனா இஸ்திரி போட்டுச் சொல்லணும். "வேலை நிமித்தம் நான் காட்டுப்பாக்கத்துல இருக்கேன், அவர் அம்பத்தூர்ல இருக்கார்."

— வேலை நிமித்தமா? பொண்ண முகப்பேர்ல இங்கிலீஷ் ஸ்கூல்ல போடணும்னு நான் நின்னேன். கார்ப்பரேஷன் பள்ளிக்கூடம் போதும்னு இந்தாளு நின்னான். இவரு கம்பெனில யூனியன் தலைவராம், பொண்ண அங்க போட்டா நாலு பேரு பேசுவாங்களாம். துணிய மூட்டை கட்டிக்கினு புள்ளய இஸ்துக்கினு வந்தேன். அதான் சார் நிமித்தம்.

— இங்கிலீஷ் படிச்சா கையில நிக்க மாட்டா, ஏரோப்ளேன்ல ஏறிடுவான்னு சொன்னேன். ஏறிட்டாளா இல்லியா?

— ஏறினா. நல்லா கீறா. நீ சொன்னது நடந்துச்சுன்னு இப்போ மால போடணுமா?

— வேணாம். நான் செயிச்சி இன்னா பண்றது, ஊட்ல யாருமில்ல சொல்லிக்கறதுக்கு.

— ஐயா, அம்மா, இதெல்லாம் ஆபீசருக்குத் தேவையில்லாத விவரம். அடுத்த கேள்வி. "கணவரை நீங்கதான் கவனிச்சுக்கறீங்கன்னா, காலையில என்ன சாப்பிடுவார்?"

— பழைய சோறு. பச்ச மொளகா ரெண்டு. தொட்டுக்க நேத்து கொழம்பு.

— ஓட்ஸ்.

— ஓட்ஸா? நீயா?

— சுகரு வந்ததிலிருந்து. கொயந்தைக்கு ஊட்டற கூழு மாதிரி கீது. கண்ண மூடிக்கினு முழுங்குவேன்.

— சரி, "ஓட்ஸ்"னு மனப்பாடம் பண்ணிக்குங்கம்மா. "என்ன மாத்திரை சாப்பிடறார்?"

— தெரியாது சார்.

— "எத்தனை மணிக்குத் தூங்குவார்?"

— தெரியாது.

— அம்மா, கவனிச்சுக்கற மனைவிக்கு ஒண்ணாவது தெரிய வேண்டாமா? ஐயா, சும்மா ஒரு ஒப்பீட்டுக்குக் கேக்கறேன். உங்க மனைவியைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?

— அவளுக்கு வலது கண்ணுல ஆபரேஷன் ஆச்சு. சொட்டு மருந்த பாதில நிறுத்திட்டா. ரெண்டாம் ஷிப்ட்டுனா மதியம் சாப்பிடாம ஓடுவா. மாங்காட்டு அம்மன் கோயிலுக்கு ஆறு வாரம் வேண்டிக்கினா, விசாவுக்காக. மூணாவது வாரம் மழையில வழுக்கி வுழுந்தா. யாராண்டயும் சொல்லல.

— ஒனக்கு எப்டி...

— ஞாயித்துக்கெழம பொண்ணு போன் பண்ணுவா. கேப்பேன்.

— அவ உன்னப் பத்தி என்னாண்ட ஒண்ணும் சொல்றதில்லியே.

— நீ கேக்கறது இல்ல.

— ஐயா, பிரமாதம். ஆனா பரீட்சை அம்மாவுக்கு, நீங்க பாஸ் பண்ணி என்ன பிரயோஜனம்? போகட்டும். கடைசியா ஒண்ணு. இது சாதாரணமா கேக்கற மாதிரி கேப்பான், ஆனா கண்ணி வெடி. "உங்க கணவர் எப்பவாவது எங்க நாட்டு விசாவுக்கு விண்ணப்பிச்சிருக்காரா?" யோசிக்கக் கூடாது. பட்டுனு சொல்லணும்.

— இந்தாளா சார்? ஆவடிக்கு அந்தாண்ட திருவள்ளூர் போவச் சொன்னாலே பஞ்சாங்கம் பாப்பான். இல்லவே இல்லன்னு சொல்றேன்.

— சபாஷ்! இதே வேகம். இதே தெனாவட்டு.

— சொல்லாத.

— என்னய்யா?

— அதுக்கு மட்டும் இல்லன்னு சொல்லாத சரசா. அவன் கம்ப்யூட்டர்ல பாத்துடுவான். பொய்யி சொன்னான்னு எழுதிட்டா, அப்பாலிக்கா எப்பவுமே விடமாட்டான்.

— ஏன்? நீ இன்னா பண்ண?

— கீது.

— இன்னா கீது?

— விசா. பத்து வருசத்துக்குக் குத்திக் குடுத்துட்டான்.

— யாருக்கு?

— எனக்குத்தான்.

— சார், ஒரு டம்ளர் தண்ணி இருந்தா குடு.

— இந்தாங்கம்மா. ஐயா, நீங்க விளையாடலியே?

— உன்ன தள்ளிவிட்டாங்களே, அதுக்கு அடுத்த வாரம். பொண்ணு ரெண்டு பேருக்கும்தான் போட்டா. சேந்து போவச் சொன்னா நீ வரமாட்டேன்னு தனித்தனியா தேதி வாங்கினா.

— என் வயித்துல பொறந்தவ. என்னாண்ட ஒரு வார்த்த சொல்லல.

— நான்தான் சொல்லாதன்னேன். பெத்தவள தள்ளிவிட்டுட்டு, ஸ்கூலுக்கே வேணாம்னு சண்ட போட்டவனுக்குக் குடுத்தான்னு தெரிஞ்சா ஒனக்கு எப்டி இருக்கும்?

— அப்போ நீ ஏன் போவல? இத்தினி நாளா பையில வெச்சிக்கினு ஏன் குந்திக்கினு கீற?

— நான் போயி? புள்ள பெத்தவளுக்கு ஒடம்புக்கு வெந்நீ ஊத்தத் தெரியுமா, கொயந்தைக்கு எண்ணெ தேய்க்கத் தெரியுமா? லேத்துல எது வேணா கடஞ்சி குடுப்பேன். அவளுக்கு நீ வேணும். நான் போயி நின்னா, அவளுக்கு ரெண்டு கொயந்த.

— ஐயா, என் கேஸையே கவுத்துட்டீங்களே! முளைக்குச்சி, முளைக்குச்சின்னு இவ்வளவு நேரம் அடிச்சேன். அந்த முளைக்குச்சிக்கே கால் முளைச்சிருக்குன்னா என்ன அர்த்தம்?

— என் விசாவ கேன்சல் பண்ணிடு நைனா. வேணாம்.

— கேன்சல் பண்ணினா ஏன்னு கேப்பான்! சந்தேகம் இன்னும் கூடும். எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. என்கிட்ட வந்த ஒருத்தர், சொந்த வீடு, கார், எம்.டெக். படிப்பு, அவருக்கே இல்லைன்னுட்டான். உங்களுக்கு யார் கன்சல்டன்ட்?

— யாருமில்ல. பஸ் புடிச்சி போனேன்.

— வீட்டுப் பத்திரம்?

— இல்ல.

— பேங்க் இருப்பு?

— பி.எஃப். பணத்த அப்பவே தின்னு தீத்தாச்சு.

— அப்போ தாயகப் பிணைப்புக்கு எதைத்தான் காட்டினீங்க?

— ஒண்ணும் காட்டல. கேட்டான், சொன்னேன். ஊர்ல யாரு கீறாங்கன்னான். சம்சாரம் கீறான்னேன். கூட வரலியான்னான். இல்ல சார், அவ வேற ஊட்ல கீறா, என்னோட பேச மாட்டான்னேன். அப்போ எதுக்கு திரும்பி வருவேன்னான்.

— அதுக்கு?

— அவ எந்த ஊர்ல கீறாளோ அந்த ஊர்லதான் சார் எனக்குத் தூக்கம் வருது. பேசலன்னா பரவால்ல. பஸ்சு புடிச்சா போற தூரத்துல கீறான்னு இருக்கணும், அவ்ளோதான்னேன். மொழிபெயர்க்கற பொண்ணு அத அப்டியே சொல்லிச்சு. அவன் வேற ஒண்ணும் கேக்கல.

— இத்தினி வருசம் என்னாண்ட சொல்லாதத, கண்ணாடிக்கு அந்தாண்ட கீற எவனோ ஒரு வெள்ளக்காரனாண்ட சொன்னியா?

— வெள்ளக்காரன் இல்ல. நம்ம கலரு.

— கலரா இப்போ கேட்டேன்?

— அவன் கேட்டான் சரசா. கேட்டா பதில் சொல்லணும்ல. பின்னால வேற பெரிய கியூ.

— சரசாம்மா, கண்ணைத் துடைச்சுக்குங்க. ஒத்திகை இன்னும் முடியலை. நான் இப்போ ஒரு வல்லுநரா யோசிக்கிறேன். ஐயாவுக்கு நீங்க கயிறு. உங்களுக்கு ஐயா கயிறு. நாளைக்கு உங்களுக்கும் விசா கிடைச்சுட்டா, ரெண்டு கயிறும் ஒரே ஃப்ளைட்ல ஏறிடும். இங்க வீடு இல்லை, நிலம் இல்லை, வேலையும் இருக்காது. பொண்ணு அங்க, பேரப்புள்ளை அங்க. "அப்புறம் நீங்க ரெண்டு பேரும் எதுக்குத் திரும்பி வருவீங்க"ன்னு கண்டிப்பா கேப்பான். என் இத்தனை வருஷ அனுபவத்துல சொல்றேன், இதுக்கு உலகத்துல பதிலே கிடையாது.

— கீது சார். எழுதிக்கோ. இந்தாளோட ஒரே ஊட்ல இருந்தா ஒரு மாசத்துக்குள்ள சண்ட வந்துடும். கோச்சுக்கினு போறதுக்கு அந்த ஊர்ல எனக்கு எது போக்கிடம்? காட்டுப்பாக்கத்துக்குத்தான் வந்தாவணும். நான் இல்லாத ஊர்ல தூக்கம் வராம இவரும் பின்னாலயே அடுத்த பிளேன்ல வந்துடுவாரு. ரெண்டு பேரும் திரும்பி வந்தாச்சு இல்ல?